பரிசு ஆருக்கு?

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பரிசுக் கேடயக் கடை நடத்துகிறவனுக்குத் தமிழ்ச் சங்கத் தலைவர்களின் பெயரெல்லாம் பட்டங்களோடு மனப்பாடம். பரிசு வாங்கியவர் ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. விழாவுக்கு முன்பே தகடு வெட்டிவிடுவோம். மேலே சங்கம், பிறகு தலைவர், பிரதம விருந்தினர், அன்பளிப்புச் செய்தவர், கீழே எங்கள் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும். நடுவில் ‘முதற் பரிசு’. யார் ஓடி வென்றாலும் கொடுக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தோடு இருந்த என்னைத் தேடி ஒருநாள் பெரிய இடத்து வேலை வந்தது. கரீபியத் தத்துவத்தில் சிறந்த ஆய்வு செய்த முனைவர் பட்ட மாணவருக்குப் பரிசு கொடுக்கும் சிறிய ஆய்வு வட்டம் ஒன்றின் செயலாளர் அம்மையார் கடைக்கு வந்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் புத்தகம் வைத்து வாசிக்கிற ஆள். கடல், அடிமைத்தனம், மறதி என்று தெரிந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினேன். அந்த மதாம் பொறுமைசாலி. நடுவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, மாணவரின் பெயரைப் பிறகு அனுப்புகிறேன் என்றார். “வுய், வுய்” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டேன். நல்ல செய்திதான். தகட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெயர் மின்னஞ்சலில் வந்தது. என் மனைவி ராஜிதான் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்த மதாம் ஒரு பிள்ளையின்ரை பேர் அனுப்பியிருக்கிறா.”

“அது சும்மா எங்களுக்கு அறியத்தந்தது.”

விழா நாளன்று மதியம், மதாம் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்ததால், பரிசு பெறுகிற பெண்ணே தன் கேடயத்தை எடுக்க வந்தாள். கூடவே கரீபியத் தீவான குவாதலூப்பிலிருந்து அன்று காலை வந்திறங்கிய அவள் தாய், விமானநிலையத்துப் பெட்டியோடு. மகள் மேடையேறுவதைப் பார்க்கத்தான் அந்த மனுசி கடல் கடந்து வந்திருந்தார்.

தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு கேடயத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மகளிடம் தங்கள் தீவு மொழியான கிரியோலில் ஏதோ கேட்டார். எனக்குக் கிரியோல் தெரியாது. ஆனால் விளங்கிவிட்டது.

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே விசித்திரமாகக் கேட்டது. அந்தப் பெண் தன் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி வாயில் வந்ததை எழுதிக் கொடுத்தான். இன்னொருவன் வைத்த பெயரோடு ஒரு மனிதர் தன்னைத் தானென்று எப்படி நினைப்பது? வருடக்கணக்காக அவள் எழுதியது அதைத்தான்.

“என் ஆய்வுக்கு இதைவிட நல்ல பின்னிணைப்பு கிடைக்காது, மெஸ்யூ” என்று சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த நான் மெஷினைப் போட்டேன். அந்த அளவில் ஒரு தகடுதான் மிச்சம். மதாமைக் கேட்காமல் தலைவரைத் தூக்க முடியாது. பிரதம விருந்தினரையும் முடியாது. மதாமோ தொலைபேசியை எடுக்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கல்லாவில் நின்ற ராஜி சொன்னாள்:

“உங்கடை கடைப் பேரை எடுங்கோவன். கரீபியனிலையிருந்து ஆர் உங்களுக்குப் போன் அடிக்கப்போகினம்?”

எடுத்தேன். மற்றவர்களை ஒரு வரி கீழே தள்ளி, அவளை மேலே ஏற்றினேன். தாய் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். என் கடைப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், அவளுடைய நீளமான பெயர் வந்தபின்னும் இடம் மிஞ்சியது.

தாய் தகட்டை விரலால் தடவி வாசித்தார். கேடயத்தை மகளிடம்கூடக் கொடுக்காமல் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். மேடையில் கொடுப்பதற்கு அதை அவரிடமிருந்து வாங்கப் பெரும்பாடுபட்டதாக மதாம் பிறகு சொன்னார்.

இத்தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: தகடு வெட்டுமுன் ஆருக்கு என்று கேளுங்கள். நான் இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒரு விளையாட்டுக் கழகத் தலைவரிடமும் கேட்டேன். தன் பெயரைப் பட்டத்தோடு எழுதிக்கொண்டு வந்தவர், தொலைபேசியை எடுத்தார்.

“பொறுங்கோ அண்ணை” என்றார். “அதை ஆரையாவது கேட்டுத்தான் சொல்லவேணும்.”