சூடேறாத இன்ஜினோடு சித்தூரிலிருந்து திருப்பதிக்கு

மார்கழி மாதத்துக் காலை, மணி ஆறு நாற்பது. சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து கிளம்பினோம். திருப்பதி எழுபது கிலோமீட்டர். என் தங்கை செல்விக்கு அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பஸ்ஸில் போவதாகத்தான் சொன்னாள். "நம்ம வண்டி இருக்கிறப்போ பஸ் எதுக்கு?" என்று நான்தான் தடுத்தேன்.

வண்டி என்றால் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன மூன்றாவது வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எங்கள் நைனா மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர். கிளம்பும் முன் தெருவில் ஒரு சுற்று போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டும் ஏறமாட்டேன் என்றார். "தரையில உக்காந்துக்கினு போற மாரி கீது, நீங்க போங்கடா" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பூதலப்பட்டு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. கண்ணாடியின் உட்பக்கம் புகைபோல மங்கியது. ஹீட்டரைப் போட்டேன். வந்தது குளிர்ந்த காற்று. செல்வி புதுப்புடவை முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடியே வந்தாள்.

"அந்த முள்ளு இன்னாண்ணா, கீழயே கீது?" என்றாள்.

"இன்ஜின் சூடு. கம்மியா இருந்தா நல்லதுதான்" என்றேன், விஷயம் தெரிந்தவன்போல.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் பிடித்துவைப்பது தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு. என் காரில் அது எண்பத்தெட்டு டிகிரியில் திறக்கும். சித்தூர் வெயிலுக்குப் பயந்து, அறுபதிலேயே திறக்கும் வால்வு ஒன்றை இன்டர்நெட்டில் படித்து வரவழைத்தேன். ஏப்ரலில் அதை மாட்டிக்கொடுத்தவன் முனிரத்தினம். என்னோடு பத்தாவது வரை படித்தவன், அப்போதுதான் சித்தூரில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் போட்டிருந்தான். மாட்டும்போதே சொன்னான்: "வெயிலுக்கு ஓகே மச்சான். தீபாவளி ஆனதும் பழசை மாட்டிடலாம். குளிர்ல இன்ஜின் சூடே ஏறாது. பெட்ரோல ஜாஸ்தி குடிச்சி பிளக்கெல்லாம் கரி புடிச்சிடும்." தீபாவளி முடிந்ததும் பெங்களூருக்கு இரண்டு முறை போன் செய்தான். கார் பற்றி இவன் எனக்குச் சொல்வதா என்று நான் கண்டுகொள்ளவில்லை.

ஏழு முப்பத்தைந்து. பாகாலாவுக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. மறுபடி பிடிக்கவில்லை. முனிரத்தினத்துக்கு போன் செய்தேன். "தோ வரேன்" என்றான்.

ஏழு ஐம்பதுக்குத் திருப்பதி பஸ் ஒன்று வந்தது. செல்வி கை காட்ட ஓடினாள். "நிக்கிற கூட்டத்துல புடவை கசங்கிடும், அவன் வந்தா பத்து நிமிஷ வேலை" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். பஸ் போய்விட்டது. அதில் ஏறியிருந்தால் ஒன்பது மணிக்குத் திருப்பதியில் இருந்திருப்பாள்.

முனிரத்தினம் தன் எம்-80 மொபெட்டில் வந்து சேர எட்டே முக்கால் ஆனது. முப்பது கிலோமீட்டர் பனியில் வந்ததில் கைகள் விறைத்திருந்தன. பானெட்டைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தான். எரியாத பெட்ரோல் வாடை எனக்கே அடித்தது. அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இன்னாத்த மாட்டி வெச்ச மச்சான்? உன்ன நம்பிக் குடுத்தது என் தப்பு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள்.

செல்வி கண்ணீரோடு அவன் பக்கம் திரும்பினாள். "வேல தெரியலன்னா ஏன்ணா தொடறீங்க? இன்னிக்கி எனக்கு இன்டர்வியூ, தெரியுமா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை, நான் சொல்லியிருக்கலாம். குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறும்மா, பாகாலால பஸ் கெடைக்கும்" என்று மட்டும் சொல்லி, அவளை எம்-80இல் ஏற்றிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தவன் என்னைத் தாண்டிப் போய் பானெட்டுக்குள் குனிந்தான். பிளக்குகளைக் கழற்றினான். நான்கும் அடுப்புக்கரிபோல இருந்தன. கம்பி பிரஷால் தேய்த்து மாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். என் பழைய தெர்மோஸ்டாட். மேலே என் பெயரும் கார் நம்பரும் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தன. எட்டு மாதம் பத்திரமாக வைத்திருக்கிறான். அதை மாட்டி, பக்கத்து நிலத்து மோட்டாரில் தண்ணீர் பிடித்து ஊற்றினான். பத்தரைக்கு வண்டி ஓடியது.

"அந்த வால்வு உள்ளயே இருந்திருந்தா இன்ஜின் இன்னும் கெட்டிருக்கும்" என்றான். அவ்வளவுதான். காசு வாங்கவில்லை.

திருப்பதிக்குள் நுழையும்போது பதினொன்று இருபது. முள் நடுவில் நின்றது. ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. செல்வி மருத்துவமனை வாசல் படியில் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தாளாம். பட்டியலை மூடிவிட்டார்கள். "மள்ளி ஜூன்லோ ரண்டி" என்று ஜூனில் திரும்ப வரச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அங்கேயே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு என் யோசனை. அவன் அப்போதே சொன்னான், போன் செய்தும் சொன்னான், கேட்காதது நான்.

அவள் பைலை மடியிலிருந்து எடுத்துப் படியில் வைத்தாள். பிறகு கை நீட்டினாள். "போனக் குடு."

முனிரத்தினத்துக்குத்தான் பேசினாள். "அண்ணா, உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கோங்க." அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, "அது எங்க அண்ணன் வேலண்ணா, எனக்குத் தெரிஞ்சிப்போச்சு" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் பஸ்லயே வரேன்" என்று நடந்தாள்.

பன்னிரண்டு பத்து பஸ். கடைசி வரிசை ஜன்னலோரம் அவள் தலை தெரிந்தது. சந்திரகிரி தாண்டியதும் சாலை காலியாகத்தான் இருந்தது. என் வண்டி ஒரு மிதியில் அந்த பஸ்ஸைத் தாண்டிவிடும். தாண்டவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் நின்று, சித்தூர்வரை அதன் புகையிலேயே வந்தேன்.

நேரே ஷெட்டுக்குப் போனேன். முனிரத்தினத்தைச் சுற்றி இரண்டு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காரிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போனபிறகுதான் இறங்கிப் போய், "தப்பு என்னுதுதான் மச்சான்" என்றேன்.

"செல்வி சொல்லிச்சி" என்றான், கையைத் துடைத்துக்கொண்டே. "ஜூனுக்கு பஸ்ல அனுப்பு."

அடுத்த நாள் பெங்களூருக்குக் கிளம்பினேன். நூற்றெண்பது கிலோமீட்டரும் இன்ஜின் ஒரு குறையும் சொல்லவில்லை. நடுரோட்டில் தங்கை எதிரில் அவன்மேல் பழி போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்க மட்டும் ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பலமநேர் மேட்டில் ஏறும்போது, வெளியே குளிர் அடித்தாலும், எனக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளிக்காற்றில் முகத்தை வைக்கவேண்டும்போல இருந்தது.