மண் தின்ற காடாத் துணி

சின்னி, நீ போய்விட்டாய் என்று போன வெள்ளிக்கிழமை பொம்மிடியிலிருந்து உன் மகள் போன் செய்தாள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் என் நாத்தனாரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். உன்னைத் தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

எண்பதுகளில் மண் பரிசோதனை ஆபீஸில் உனக்கு உதவியாளர் வேலை. கரும்பு வெட்டியதும் உன் அண்ணன் வயலில் கிடக்கும் காய்ந்த சோகைத் தழைக்குத் தீ வைப்பார். அந்த வருஷம் பாதி வயல் எரிந்ததுமே நீ குறுக்கே போய் நின்றாயாம். "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க வேலை செய்யுதுங்கண்ணா. தீ வெச்சா செத்துப்போயிரும். அளந்து காட்டறேன்." எரித்த பக்கமும் எரிக்காத பக்கமும், எடை போட்ட காடாத் துணித் துண்டுகளைப் புதைத்துக் குச்சி நட்டாய். எந்தப் பக்கம் துணி அதிகம் மக்குகிறதோ, அந்தப் பக்கம் உயிர் அதிகம். நீ தோற்றால் அடுத்த வெட்டுக்கு முழு வயலும் எரியும் என்று பேச்சு.

நான் அப்போது பிரசவத்துக்கு நல்லம்பள்ளியில், தாய்வீட்டில். எனக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து களை கொத்தும்போது குச்சியடியில் வெள்ளைத் துணி. அடுத்த குச்சியடியிலும் ஒன்று. கைக்குழந்தைக்காரி என்ன நினைப்பேன்? செய்வினை! எல்லாவற்றையும் தோண்டி, உப்பும் மிளகாயும் போட்டுக் கொளுத்திவிட்டேன்.

சாயங்காலம் நீ வந்து குழிகளைப் பார்த்தாய். உன் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "உங்கண்ணி பேயோட்டிட்டா. உன் பரீட்சை அவ்வளவுதான் போ."

அழப்போகிறாய் என்று பயந்தேன். நீயோ, "அண்ணி, மொளகா நெடி வந்துதுங்களா?" என்றாய்.

"தும்மித் தும்மிச் செத்தேன்."

"நெடி வந்தா செய்வினை இல்லீங்க. அது என் வேலைதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கொளுத்துனது நானுங்க. அவ தோக்கலே. இன்னொரு தடவை பொதைக்கட்டும்" என்றேன். உன் அண்ணனை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

மறுபடி நாம் இருவருமாகப் புதைத்தோம். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், எரித்த பக்கத்துத் துணியை உதறி மடிக்கலாம் போல இருந்தது. எரிக்காத பக்கத்தில் கொசுவலை மாதிரி ஆகி, தூக்கும்போதே உதிர்ந்தது. ஆபீஸ் தராசும் அதையே சொன்னது. உன் அண்ணன் அந்தக் கிழிசலை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தின்னுபோட்டுதே" என்றார். அதற்குப் பிறகு அந்த வயலில் தீ வைக்கவே இல்லை. பாப்பாரப்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். "எங்க நாத்தனா அளந்தது" என்று நானே கூட்டிப்போய்க் காட்டினேன்.

"உள்ளதைத்தான் எழுதணும் அண்ணி" என்பாய். முதல் துணிகள் எரிந்துபோனதையும் மறைக்காமல் நோட்டில் எழுதிக் கொண்டுபோனாய். யார் எரித்தது என்று அதிகாரி கேட்டாராம். சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாய். வெட்கத்தில் நானும் மேலே கேட்கவில்லை.

உன் அண்ணன் முன்னால் அன்று திறந்த வாயை நான் பிறகு மூடவில்லை. நீ எனக்கு விட்டுப்போனது அதுதான். அதனால் இப்போதாவது கேட்கிறேன்: அந்த அதிகாரியிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாய், சின்னி?