டாலருக்கு ஒரு அறுவடைக் காலம்

என் கணவர் டாலருக்கும் அறுவடைக் காலம் ஒன்று உண்டு என்று நம்பினார். வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்பேன். அவர் செய்ததையெல்லாம் பிற்பாடு ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது.

அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகராக இருந்தவர். ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக, மலையோரத்து வியாபாரிகளிடமிருந்து மிளகு வாங்கித் தருவது அவர் வேலை. சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுப்பார், இரண்டு மணியைக் கடிப்பார், காய்ச்சல் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். விலையைப் பற்றி மட்டும் பிடி கொடுக்கமாட்டார். வாங்குகிறவன் அவசரப்படக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். தை, மாசியில் மலையில் பறிப்பு முடிந்து சரக்கு லாரி லாரியாக இறங்கும். சந்தையில் அதற்கு வரத்து என்று பெயர். வரத்து வந்துவிட்டால் விலை தானாக இறங்கும். அதுவரைக்கும் யார் என்ன விலை சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: “வரத்து வரட்டும்.” கல்யாணமான புதிதில் ஒரு புடவைக் கடையில்கூட அதையே சொல்லி என்னை வெறுங்கையோடு வெளியே அழைத்து வந்தார். புடவைக்கு என்ன வரத்து என்று கேட்டேன். ஆடித் தள்ளுபடி வரட்டும் என்றார்.

நான் அரசுப் பள்ளியில் டீச்சர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் இந்த ஊரில் மீன்காரர் முதல் பாங்கு மேனேஜர் வரை எல்லாருக்கும் நான் டீச்சர்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் எங்களுடையவை. எங்களுக்கு ஒரே மகள். நர்ஸாக ஆஸ்திரேலியா போனவள் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டாள். எங்களையும் நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ள விண்ணப்பம் போட்டாள்.

பெற்றோர் அங்கே போய் வாழ்வதற்கு அந்த நாட்டு அரசு தலைக்கு ஒரு கட்டணம் கேட்கிறது. கேட்டால் தலை சுற்றும் தொகை. அதை அந்த நாட்டு டாலரில்தான் கட்ட வேண்டும். ஆனால் உடனே கட்ட வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் கடிதம் வரும். அப்போது சொன்ன கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். எங்களிடம் இருந்தது வீடு ஒன்று. அதை விற்றோம். வாங்கியவர் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக்கிவிட்டார். நாங்கள் யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு ஏறினோம். வீட்டுப் பணமும் என் ஓய்வுக்காலத் தொகையும் சேர்ந்து இருவர் பேரிலும் பாங்கில் இருந்தது. அன்றைய டாலர் விலைக்கு இரண்டு பேருக்கும் கட்டிவிட்டு டிக்கெட்டும் எடுக்கலாம். மருமகனிடம் கை நீட்டாமல் சொந்தக் காசில் போய் இறங்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

“இப்பவே மாத்தி மக கணக்குல போட்டு வெச்சிரலாம். கடிதம் வந்ததும் கட்டிக்கலாம்” என்று நான் சொன்னேன். பாங்கிலும் அதைத்தான் சொன்னார்கள். மாற்றுவதற்கு நம் அரசு முன்கூட்டி ஒரு வரி பிடிக்கும், கணக்குக் காட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார்கள்.

“இப்ப வாங்கினா நஷ்டமாக்கும்” என்றார் இவர். “ஆறு மாசத்துல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாரு. ஏறின சரக்கு இறங்காம இருக்குமா? நீ பேசாம இரி. வரத்து வரட்டும்.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் வாழ்நாள் முழுதும் வாங்கியும் விற்றும் பழகியவர். நானோ பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தவள். சரி, பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை என்பது டாலர் விலையோடுதான் விடிந்தது. பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைப் பார்ப்பார். பிறகு கீழே சாயாக்கடைக்குப் போவார். அங்கே தினமும் வருகிற குஜராத்தி நண்பர் ஒருவர், அவரும் பழைய மிளகுக்காரர். இரண்டு பேரும் ஆஸ்திரேலிய டாலரை வயநாட்டு மிளகைப் பேசுவது போலப் பேசுவார்கள். இன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, நாளைக்கு இறுகும், வெள்ளிக்கிழமை பார்க்கலாம். திரும்பி வந்து என்னிடம் அதை அப்படியே ஒப்பிப்பார். கடித்துப் பார்க்க முடியாத சரக்கு என்பதைத் தவிர அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சில நாள் இறங்கவும் செய்யும். பத்துக் காசு, இருபது காசு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி இறங்கிய நாளிலும் வாங்கமாட்டார். இறங்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இறங்கும் என்பார். மறுநாள் ஏறிவிடும்.

தை பிறந்தது. கிடங்குகளில் புது மிளகு வந்து இறங்கி, சந்து முழுக்க அந்தக் காரவாடை ஏறியது. இவர் அந்த மாதம் ரொம்ப உற்சாகமாக இருந்தார். காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை. மாசி முடிந்து பங்குனியும் வந்தது. மிளகு விலை இறங்கியது. டாலர் இறங்கவில்லை. பங்குனி வெயிலில் ஒருநாள் எர்ணாகுளம் போனவர் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இந்தக் கொதிக்கிற காலத்தில் ஸ்வெட்டரை எவன் வாங்குவான், அதனால் பாதி விலைக்குத் தந்துவிட்டான் என்று பெருமையோடு சொன்னார். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை. மகளை வீடியோவில் கூப்பிட்டு எழுந்து நின்று காட்டினார். அவள் சிரித்துச் சிரித்து அழுதாள்.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், போக மனசில்லாமல்தான் அப்பா இழுத்தடித்தார் என்று பிற்பாடு மகளே சொன்னாள். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். போகிற ஆசை இல்லாதவர் பங்குனியில் ஸ்வெட்டர் வாங்கமாட்டார்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பணம் அதே பணம்தான், வட்டியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. டாலர் ஏறிய வேகத்துக்கு அந்த வட்டி எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு அந்த அரசாங்கமும் தன் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போனது. இரண்டு பேருக்குப் போதாது என்று வந்தது. மறுபடியும் போட்டேன். போதவில்லை.

அன்றைக்கு நான் பேசியது கீழே கடை வரை கேட்டிருக்கும். “மிளகு கொடியில காய்க்குது, ஒரு நாள் பறிச்சுத்தான் ஆகணும், அதனால இறங்குது. டாலர் எந்தக் கொடியில காய்க்குது? எந்த மலையில பறிக்கிறாங்க? யாரோட வரத்துக்கு நீங்க காத்துட்டு இருக்கீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிமிஷத்தில்தான் அவர் மனதில் இருந்தது முழுவதும் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவர் காத்திருந்தது ஒரு தை மாதத்துக்கு. அறுபது வருஷமாக அவரை ஏமாற்றாத ஒன்றை நம்பியிருக்கிறார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்து, “ஒராளுக்குத் தாராளமா இருக்கில்லே?” என்று கேட்டார். “நீ முதல்ல போ. அவளுக்கும் நீதான் வேணும். நான் கொஞ்சம் சம்பாதிச்சுட்டு, விலை பார்த்து வந்துக்கறேன்.”

“போனா ரெண்டு பேரும். இல்லேன்னா இங்கயே கிடப்போம்” என்றேன். மீதியை மகள் போடுகிறேன் என்றாள். இவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த விஷயத்தில் நானும் அவரை வற்புறுத்தவில்லை, எங்கள் கட்சி அப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது. உள்ளதையாவது உடனே மாற்றிவிடலாம் என்று மட்டும் கெஞ்சினேன். திங்கட்கிழமை போகலாம் என்றார். அந்தத் திங்கட்கிழமை பாங்கு வாசல் வரை போய் போனைப் பார்த்தார். விலை முந்தின நாளைவிட ஏறியிருந்தது. எரிகிற விலையில் கை வைக்க அவரால் முடியவில்லை. திரும்பி நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

இடக்கொச்சியில் தெரிந்தவர் ஒருவரின் கிடங்குக்குத் தரம் பார்த்துக் கொடுக்கப் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். சட்டையெல்லாம் மிளகுத் தூசி. தும்மிக்கொண்டே படியேறுவார். இந்த வயதில் வேண்டாம் என்றால், “உன் டிக்கெட்டுக்கு இல்லே, என் டிக்கெட்டுக்கு” என்பார்.

ஆடியில், கர்க்கடக மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சாயாக்கடையிலிருந்து திரும்பியவர், பாதிப் படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, தோசைக்கல்லை இறக்கிவிட்டு மெதுவாகத்தான் போனேன். குஜராத்தி நண்பரும் கடைக்காரரும் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் “டீச்சரே” என்று மட்டும் சொன்னார். என் கையில் இருந்த அவர் போனில் அன்றைய விலை திறந்தபடியே இருந்தது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

மகள் வந்து காரியங்களை முடித்துவிட்டுப் போனாள். வெளிநாட்டுக் கடிதம் ஓணம் கழிந்து வந்தது. இரண்டு பேருக்கும் முறை வந்துவிட்டது, பணத்தைக் கட்டுங்கள் என்று இரண்டு பேர் பெயரையும் போட்டு எழுதியிருந்தார்கள். அவர் இல்லை என்பதை மகள் அவர்களுக்குத் தெரிவித்தாள். அப்படியானால் ஒருவருக்குக் கட்டினால் போதும் என்று பதில் வந்தது. மரியாதையான பதில்தான். வருத்தம் தெரிவித்துக்கூட ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

போவதா வேண்டாமா என்று பல நாள் குழம்பினேன். தனியாக இந்த மாடியில் இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று மகள் தினமும் அழுதாள். அவளுக்கும் அந்த ஒருவர்தான் அப்பா. கடைசியில் ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போனேன். இருவர் பேரில் இருந்த கணக்கை என் ஒருத்தி பேருக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். கவுண்டரில் இருந்தது சின்னப் பெண், நான் படிப்பித்த ஒருவனின் மகள். விலையைப் பார்த்தாள், தட்டினாள், கணக்கைத் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சரே, பைசா தாராளம் உண்டு” என்றாள் சந்தோஷமாக. “கட்டிக் கழிஞ்ஞாலும் பகுதியோளம் பாக்கியா.” கட்டினாலும் கிட்டத்தட்டப் பாதி மிஞ்சும் என்கிறாள்.

இரண்டு வருஷமாக எங்களை இந்த ஊரைச் சுற்றி நடக்கவைத்த பணம். எவ்வளவு கூட்டிப் பார்த்தும் போதாமல் இருந்த பணம். இப்போது தாராளம். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு கோபமும் இல்லை. ஒருவர் கட்டணத்தை அன்றைய விலைக்கே மாற்றச் சொன்னேன். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்கவில்லை. காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் நல்ல பிள்ளை. என் நன்மைக்காகத்தான் சொன்னாள். டாலர் இன்னும் ஏறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பாக்கியையும் இன்றைக்கே மாற்றி அனுப்பிவிடட்டுமா, டீச்சர் எப்படியும் அங்கேதானே இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

அந்தப் பாக்கி அவருடைய பங்கு. அவர் வருவதற்காக வைத்திருந்தது.

“வரத்து வரட்டும்” என்றேன்.

தமிழில் சொன்னதால் அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. “எந்தா டீச்சரே?” என்றாள். ஒன்றுமில்லை, அது ரூபாயாகவே இங்கே கிடக்கட்டும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.