கயிற்றில் கைவைத்தவர்கள்

போலீசுக்கும் பொதுமக்களுக்கும் நல்லுறவு வளர்க்க எங்கள் ராயபுரத்தில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதற்கு நான் காரியதரிசி. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்ததும், கூப்பிட்டால் மறுக்காமல் வந்துவிடுவதும்தான் என் தகுதிகள். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. இனி போலீஸ் மக்களின் தோழன் என்று மேலிடத்து உத்தரவு வந்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். தலைக்கு மேல் இருக்கிற வேலைகளோடு தோழமையும் ஒரு டியூட்டியாகச் சேர்ந்துவிட்ட சலிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "டேய்" என்று ஆரம்பித்து, பாதியில் நினைவு வந்து, "ஐயா" என்று முடிப்பார்.

கமிட்டியில் பல தரப்பும் இருந்தன. மளிகை மண்டி வைத்திருந்த தெற்கத்தி அண்ணாச்சி, கயிறு வியாபாரம் செய்த ஒரு சாயபு, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய டிரைவர். மீனவர் குப்பத்திலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அதற்கான காரணம் ஸ்டேஷனின் பின்சுவரோரம் கிடந்தது. ஒரு கட்டுமரம்.

கப்பலிலிருந்து தவறி விழுந்த துணி மூட்டை ஒன்று கரை ஒதுங்கிக் காணாமல் போனது. மூட்டையைத் தூக்கியவன் அகப்படவில்லை. பக்கத்தில் தன் கட்டுமரத்தைக் காயவைத்துக்கொண்டிருந்த குப்பத்து ஆள் அகப்பட்டான். சாட்சி இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள். மரத்தை விடவில்லை. அது எதையும் மறுத்துப் பேசவில்லை என்பதால் சந்தேகம் நீடித்தது போலும்.

அவன் மனைவி மீன் விற்கும் கூடைக்காரி. ஆபீஸ் வாசலில் என்னை மடக்கினாள்.

"இன்னா நைனா, கமிட்டின்னு சொல்லிகினு டீயா குட்ச்சினு கீறீங்களாமே. எங்க மரம் எப்ப வரும்?"

"பேசிக்கிட்டிருக்கோம்மா."

"நீங்க பேசிகினே இருங்க. என் வூட்டுக்காரன் கரையில குந்திகினு அலைய எண்ணிகினு கீறான். மழ வந்தா இன்னாத்த துன்றது, மணலயா?"

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். சாதாரண மனிதர் யோசித்தால் மரத்தைக் கொடுத்திருப்பார். இவர் யோசித்ததில் ஒரு விழா பிறந்தது. கடற்கரையில் போலீசுக்கும் குப்பத்துக்கும் கயிறு இழுக்கும் போட்டி. டெபுடி கமிஷனர் தலைமை. போட்டி முடிந்ததும் அவர் கையாலேயே மரம் திருப்பித் தரப்படும்.

அண்ணாச்சிதான் மெல்லக் கேட்டார்: "வல இழுக்கறவங்களைக் கயிறு இழுக்கக் கூப்பிடுதியளே சார். சடுகுடு ஏதாச்சும் வைக்கப்படாதா?"

எல்லோரும் சிரித்தோம். இன்ஸ்பெக்டருக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. அதற்குள் அழைப்பு அச்சாகிவிட்டது. ஆகவே என்னைத் தனியே கூப்பிட்டார். குப்பத்தார் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நல்லுறவுக்கு நல்லது என்றார். மரத்துக்கும் நல்லது என்றார். தோற்றுப்போகச் சொல்லிக் கேட்டுவர ஒரு படித்த ஆள் தேவைப்பட்டது. போனேன்.

குப்பத்தில் என்னை அடிக்கவில்லை. கூடைக்காரி சிரித்தாள்.

"தோக்கறதுக்கு எங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? மரம் வந்தா போதும் நைனா. வுழுந்து பொரண்டு காட்றோம்."

விழா நாளில் பந்தல் போட்டு, டெபுடி கமிஷனரைச் சோடா கொடுத்து உட்காரவைத்தோம். கட்டுமரம் மாட்டுவண்டியில் மாலையோடு வந்து நின்றது. கயிறு சாயபுவின் உபயம். குப்பத்தார் கடல் பக்கம், போலீசார் பந்தல் பக்கம் நின்றார்கள். விசில் ஊதினார்கள்.

குப்பத்தார் வாக்குத் தவறவில்லை. பற்களைக் கடித்தார்கள், முனகினார்கள், கயிறு அங்குலம் அங்குலமாகப் போலீஸ் பக்கம் போயிற்று. நாடகக் கொட்டகையில்கூட அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். என் உத்தியோக வாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார். கரைவலை இழுக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர். எங்கள் ஏற்பாட்டை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கயிறு ஒன்று தப்பான பக்கம் போய்க்கொண்டிருப்பதுதான். குரலெடுத்தார். ஐலசா.

அந்தக் குரலுக்கு வருஷக்கணக்காகப் பழகிய கைகள், வாக்குக் கொடுத்ததெல்லாம் வாய்தானே என்று விட்டுவிட்டு, இழுத்தன. அதோடும் போகவில்லை. கரைவலை இழுக்கும்போது யார் வந்து கயிற்றில் கைவைத்தாலும் அவருக்கு மீனில் பங்கு உண்டு என்பது குப்பத்து வழக்கம். பாட்டுக் கேட்டதும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் ஓடிவந்து கைவைத்தார்கள். பூட்ஸ் கால்கள் மணலில் கோடு போட்டுக்கொண்டு போயின. கடைசிக் கான்ஸ்டபிள் பலத்துக்காகக் கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்தார். அவர் உட்கார்ந்தபடியே வந்துசேர்ந்தார். ஒரு அலை வந்து வரவேற்றது.

டெபுடி கமிஷனர் விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் வினை. அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப்போனதும், கட்டுமரம் மாலையோடு ஸ்டேஷனுக்குத் திரும்பிப்போயிற்று.

மறுநாள் கூடைக்காரி ஸ்டேஷனுக்கு வந்தாள். சமாதானம் பேச என்னையும் வரவழைத்திருந்தார்கள்.

"வல இழுத்தா பங்கு உண்டு. நேத்து குப்பமே இழுத்துது. எங்க பங்க குடு சாரு."

"என்னம்மா பங்கு? என்ன மீன் வந்துது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உன் ஆளுங்கதான் வந்தாங்க. அவங்கள இட்டும்போயி நாங்க இன்னா செய்றது, கொளம்பா வெக்கிறது? அவங்கள நீயே வச்சிக்க. மரத்த குடு."

ஒரு கான்ஸ்டபிள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேலதிகாரி உத்தரவு வரவேண்டும் என்றார். மேலதிகாரிக்கு எழுதினோம், இன்ஸ்பெக்டரின் அபிப்பிராயம் கேட்டு அது அவரிடமே வந்தது. மழைக்காலம் வந்தது, போயிற்று. கமிட்டி கூடி டீ குடித்தது. கூடைக்காரியின் புருஷன் இன்னொருவர் வலையில் கூலிக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனபின், புதிதாக வந்தவர் மரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். போய்ப் பார்த்தால் கட்டைகள் பிரிந்து கிடந்தன. நடுக்கட்டையைக் காணோம். ஸ்டேஷன் வாசலில் இருந்தது. நான்கு கால் அடித்து, பொதுமக்கள் உட்கார பெஞ்சு ஆக்கியிருந்தார்கள். அது இப்போது சர்க்கார் சொத்து, கணக்கில் ஏறிவிட்டது என்றார்கள். நடுக்கட்டை இல்லாத கட்டுமரம் அடுப்புக்குத்தான் ஆகும்.

அதன்பிறகு அவள் தினமும் மீன் விற்றுவிட்டு வரும் வழியில், கூடையோடு அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பொதுமக்கள் உட்காரத்தானே போட்டது, எழுப்ப வழியில்லை. நான் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள்.

"குந்து நைனா. கமிட்டிய ஆரம்பி. டீ சொல்லட்டா?"

ஒருநாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். குத்தியது. ஆணியைக்கூடச் சரியாக அடித்திருக்கவில்லை.