நான் கூடுதல் உறுப்பினர் இல்லை

எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்தியது கோபத்தில்தான். கோபத்தில் செய்த காரியங்களில் பலவற்றுக்குப் பிறகு வருத்தப்பட்டிருக்கிறேன். இதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

பாபநாசத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் சொந்த நிலத்தோடு, சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். ஒரே மகன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. பகலில் அவர் வயலுக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் என்று இருப்பது டிவி ஒன்றுதான்.

வைகாசி முடிகிற சமயத்தில் அவருக்குக் காலைச் செய்தி பார்க்காமல் காபி இறங்காது. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள், கல்லணைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று கேட்டுவிட்டுத்தான் குறுவைக்கு விதை ஊறப்போடுவது பற்றி முடிவு செய்வார். போனில் பார்க்கலாமே என்றால், "அந்தப் பொடி எழுத்தை யாரு படிக்கிறது" என்பார். அப்படி ஒரு நாள் காலையில் டிவியைப் போட்டால், செய்தி வர வேண்டிய இடத்தில் நீலத் திரை. இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா செலுத்தவில்லை என்று எழுதியிருந்தது. முந்தின வாரம்தான் மாதப் பணம் கட்டியிருந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கேபிள்காரன் கடைக்குப் போனேன். அவன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன் பிறந்த ஆறாவது வாரம் தொடையில் முதல் ஊசி போட்டவள் நான். அன்றைக்கு அவன் அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"வாங்க நர்சம்மா. அது மேலேருந்தே பேக்கேஜை மாத்திட்டாங்க. இனிமே அந்த நியூஸ் வேணும்னா பெரிய பேக்கேஜ் எடுக்கணும்."

"பெரிய பேக்கேஜ்ல என்னப்பா இருக்கு?"

"எல்லாம் இருக்கு. கார்ட்டூன் மட்டுமே வரிசையா வருது. போஜ்புரி பாட்டு இருக்கு, மராத்தி இருக்கு..."

"எங்க வீட்டுல கொழந்தையும் இல்ல, போஜ்புரி தெரிஞ்சவங்களும் இல்ல. தண்ணி எப்ப வருதுன்னு சொல்ற சேனலை மட்டும் குடு."

"தனியா குடுக்க முடியாதும்மா. சிஸ்டம் அப்படி."

வேறு வழியில்லாமல் பெரிய பேக்கேஜுக்கு மாறினேன். புளி வாங்கப் போனவள் தலையில் மளிகைக் கடையையே கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த எரிச்சல் உள்ளேயே கிடந்தது. கார்த்திகை மழையில் வெளியே வந்தது. சம்பா பயிர் நின்றுகொண்டிருந்தது. காற்றும் மழையுமாக அடித்ததில் தெருக்கோடியில் கேபிள் கம்பி அறுந்து விழுந்தது. மின்சாரம் மறுநாளே வந்துவிட்டது. கேபிள் மட்டும் வரவில்லை. போன் செய்தால், ஆள் வருவான் வருவான் என்றான். இரண்டு வாரம் ஆனது. புயல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள என் கணவர் குடை பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார், முழங்கால் வலியோடு. மாதம் பிறந்ததும் முதல் ஆளாக அவன் வசூலுக்கு வந்து நின்றான்.

"பாதி மாசம் ஓடவே இல்லையே. அதைக் கழிச்சுக்க வேண்டாமா?" என்றேன்.

"மழை யாரு கையிலம்மா இருக்கு?"

"எங்க வயல்ல தண்ணி நின்னு கதிர் அழுகிப் போச்சுன்னா, மழை யாரு கையில இருக்குன்னு சொல்லி அதை நான் முழு விலைக்கு விக்க முடியுமா? சொல்லு."

அவன் சிரித்தான். பணத்தைக்கூட விட்டிருப்பேன். அந்தச் சிரிப்பை விட முடியவில்லை. "இந்த மாசத்தோட பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு கணவர் மெதுவாகக் கேட்டார். "சரி, கழட்டிடலாம். கிரிக்கெட்டு எதுல பாக்குறது?"

மகன் போன லீவில் வந்தபோது புது டிவி வாங்கி மாட்டி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கேபிள் இல்லாமலே படம் பார்க்கலாம் என்று அப்போதே சொல்லியிருந்தான். எது நல்லது என்று போனில் கேட்டேன். "ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு இருக்கும்மா, நீயே பாத்துக்க" என்றான். நானே பார்த்தேன். முப்பது வருஷம் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பதிவேடு எழுதிய கை. நீள நோட்டு ஒன்றை எடுத்து, கட்டம் போட்டு, இன்டர்நெட்டில் படம் காட்டுகிற நான்கு கம்பெனிகளைத் தலைப்பில் எழுதினேன்.

எழுத எழுத ரத்தம் கொதித்தது. கேபிள்காரன் ஒரே ஒரு திருடன். இங்கே நான்கு பேர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒன்றில் கிரிக்கெட் இருந்தது. ஆனால் குறைந்த சந்தாவுக்குப் போனில் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. பந்து அதே பந்து, பார்க்கிற கண்ணும் அதே கண். திரை பெரிதானால் விலை ஏன் ஏறுகிறது? இரண்டாவதில் பணம் கட்டிய பிறகும் விளம்பரம். கதாநாயகி கதவைத் திறக்கப் போகும்போது சோப்பு விற்கிறார்கள். மூன்றாவதில் ஒரு படத்தின் முதல் பாகம் இருந்தது. இரண்டாம் பாகம் எங்கே என்று தேடினால் நான்காவது கம்பெனியில் இருந்தது. அந்த நான்காவது, ஒரு மாதம் இலவசம் என்று பெரிதாகப் போட்டு, இலவசத்துக்கே கார்டு நம்பரைக் கேட்டது. கொடுத்துத் தொலைத்தேன். பிறகு வேண்டாம் என்று நிறுத்தப் போனால், சேருவதற்கு முதல் பக்கத்திலேயே இருந்த பட்டன் விலகுவதற்கு எங்குமே இல்லை. ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். கண்டுபிடித்து அமுக்கினால், நிஜமாகவா, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று மூன்று முறை கேட்டது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அத்தனை முறை கேட்டதில்லை.

கடைசியில் கணவருக்காகக் கிரிக்கெட் வருகிற ஒன்றை, டிவியில் ஓடுகிற விலைக்கே எடுத்தோம். செய்தி சேனல்கள் அந்த டிவியிலேயே இலவசமாக வந்தன. இது தெரியாமல் மாதா மாதம் கேபிளுக்குப் பணம் அழுதிருக்கிறோம். படம் பார்க்க எனக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்று, மகன் வேறொரு படக் கம்பெனியில் தான் வைத்திருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தான். "என் அக்கவுண்ட்டுதாம்மா, உன் பேரும் போட்டுருக்கேன்."

கேபிள்காரன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகும்போது, "ரெண்டே மாசம், திரும்பி வருவீங்க நர்சம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மகனுடைய கணக்கைத் திறந்தால் முதலில் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றில் அவன் பெயர், ஒன்றில் அம்மா. நான் அம்மாவை அமுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை அவனுடையதை அமுக்கிப் பார்ப்பேன். முந்தின நாள் அவன் பார்த்தது, எந்த இடத்தில் நிறுத்தினான் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றின் கீழும் பார்த்த அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு ஓடியிருக்கும். சாப்பிடும்போது ஏதாவது பார்க்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒரு தொடர் இருபது நிமிஷம் ஓடியிருந்தால், தட்டு காலியாகும்வரை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் நின்றிருந்தால் அரைகுறை. வாரம் ஒருமுறை போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதைவிட அந்தக் கோடு எனக்கு அதிகம் சொன்னது.

ஒரு தடவை நான்கு நாளாக அந்தக் கோடு நகரவே இல்லை. ஐந்தாம் நாள் காலை கூப்பிட்டேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரு சொன்னா என்ன? ரத்தம் டெஸ்ட் பண்ணியா?"

பண்ணவில்லை. என் அதட்டலுக்குப் பயந்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனான். டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளேயே படுக்க வைத்துவிட்டார்கள். நல்லபடியாக எழுந்து வந்தான். எப்படித் தெரிந்தது என்று நான் அப்போது சொல்லவில்லை. சொன்னால் வேவு பார்க்கிறாள் என்று நினைப்பானே.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் கணக்கைத் திறந்தால் வட்டங்கள் வரவில்லை. வெள்ளை எழுத்து வந்தது. உங்கள் டிவி இந்தக் கணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல என்றிருந்தது.

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை சத்தமாகப் படித்தேன். கை கால் அலம்பிக்கொண்டிருந்த கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு குடும்பம்?" என்றார்.

"நம்ம புள்ளைக்கு நாம குடும்பம் இல்லையாம்."

உதவி எண்ணைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். ரொம்ப நேரம் பாட்டு போட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். சினிமாவில் மகள் அம்மாவிடம் பேசுகிற மாதிரி இனிமையான குரல்.

"மேடம், உங்க வீட்டில் எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேரு."

"மூணு பேரும் ஒரே இடத்தில் இருக்கீங்களா மேடம்?"

"ஒருத்தரு இப்பதான் வயலுலேருந்து வந்தாரு. நான் இங்க நிக்கிறேன். புள்ள சிங்கப்பூருல இருக்கான்."

"அப்போ அவர் உங்க குடும்பத்தில் வர மாட்டார் மேடம். ஒரே வைஃபையில் இருக்கிறவங்களைத்தான் நாங்க குடும்பம்னு எடுத்துப்போம்."

"ரேஷன் கார்டுல அவன் பேரு இன்னும் இருக்கும்மா. கவர்மெண்ட்டே அவனை எங்க வீட்டுலேருந்து எடுக்கல. நீங்க யாரு எடுக்கறதுக்கு? வைஃபைதான் குடும்பமா?"

அவள் மேல் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். "ஒரு வழி இருக்கு மேடம். உங்க மகன் மாசா மாசம் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால், உங்களைக் கூடுதல் உறுப்பினரா சேர்த்துக்கலாம்" என்றாள்.

கூடுதல் உறுப்பினர். பெற்றவளுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. போனை வைத்துவிட்டேன்.

மகனிடம் சொன்னபோது அவன் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் காசுதானேம்மா. நான் கட்டிடறேன்."

"ஒத்தப் பைசா கட்டக் கூடாது. உனக்கு நான் அம்மாங்கறதுக்கு எவனோ ஒருத்தனுக்கு வாடகை குடுப்பியா?"

"என்னமோ நானே உன்னை வீட்டை விட்டு அனுப்புன மாதிரி என்னைத் திட்டுறியேம்மா."

அவன் சொன்னது நியாயம். யார் மேலோ வந்த கோபத்தை அவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்கு எது போனது என்று அவனிடம் சொன்னேன். அந்தக் கோடு, இருபது நிமிஷம், நகராமல் நின்ற நான்கு நாள், எல்லாம். வேவு என்று நினைப்பான் என்று பயந்ததையும் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "இதைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேம்மா" என்றான். அடுத்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தான். தினமும் முடியாது. முடிகிற நாளில் போனை டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவான். பெரும்பாலும் பேச்சே இருக்காது. குழம்பு தண்ணியாக இருக்கிறதே என்று நான் சொல்வேன். அவன் அப்பா வந்து எட்டிப் பார்த்து, வாய்க்காலில் தண்ணி வந்ததையோ வராததையோ சொல்லிவிட்டுப் போவார்.

இதனால் அந்தக் கம்பெனிக்காரனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். குடும்பம் என்ற சொல்லுக்கு உங்களிடம் என்ன உரிமை இருக்கிறது, எந்தச் சட்டத்தில் தாய் கூடுதல் உறுப்பினர் என்று கேட்டிருந்தேன். அதைப் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பினால், இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப முடியாது என்று திரும்பி வந்தது. விடவில்லை. அவர்களுடைய ஆபீஸ் முகவரியைத் தேடிப் பிடித்து, பாபநாசம் தபால் ஆபீஸில் பதிவுத் தபாலாகப் போட்டேன். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டை பத்து நாளில் என் கைக்கு வந்தது.

பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.