குனிந்தால் குரைக்கும் நாய்

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்தபோது ஊரில் எல்லோரும் அரிசியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நானும் பட்டேன். ஆனால் அரிசிக் கவலை ஊருக்கே பொதுவானது. அதற்கு நான் தனியாகக் கண்விழிக்கத் தேவையில்லை. என் நாயைப் பற்றிக் கவலைப்பட ஆள் வேறு யார் இருந்தார்கள்?

"நாடே பத்தி எரியுது, இவருக்கு நாய் சரியா சாப்பிடலையாம்" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை, யாரும் பார்க்காத மாதிரி, நாய்ப் பக்கம் தள்ளுவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். குடும்பம் என்றால் அப்படித்தான்.

எங்கள் பகுதியான காஜா பெராங்கில் அப்போது நாய் வளர்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் நாய்க்காக வாழ்ந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். ஒன்று, நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, டவுனில் ஒரு மளிகைக் கடையில் சாமான் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையது செவலை நிறத்து நாட்டு நாய். இரண்டாவது, பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அக்கா. வீட்டில் சாமி படமும் விபூதியும் இருக்கும். பேச்சு மட்டும் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'தம்பி', 'அக்கா' போல நாலைந்து வார்த்தைகள். அதை வைத்தே என்னை நன்றாக அதட்டுவார். அவருடையது பீப்பாய் மாதிரி ஒரு குட்டை நாய். ஊரே இளைத்த காலத்தில் அது எப்படி இளைக்காமல் இருந்தது என்று கேட்டால், அக்காவின் இடுப்பைப் பார்த்தால் தெரியும். கழன்றுவிழும் சாரோங்கைப் பிடித்துக்கொண்டேதான் அவர் நடப்பார்.

மூன்றாவது, ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரெசர் ஐயா. அவருடைய நாய் பெரிய இடத்து நாய். எஸ்டேட் துரை கப்பலைப் பிடிக்க ஓடியபோது பியானோவையும் நாயையும் விட்டுவிட்டுப் போனார். பியானோவை யார் யாரோ உடைத்து விறகாக்கினார்கள். நாய் டிரெசருக்கு வந்தது. அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் புரியும். வெள்ளைக்காரன் பாஷை காதில் விழுந்தால் ஜப்பான்காரனுக்கு ஆகாத காலம். அதனால் டிரெசர் அதன் காதுக்குள் குனிந்து, கள்ளக்கடத்தல் செய்கிறவர் மாதிரி, "சிட்" என்று ரகசியமாகச் சொல்வார். அது நாலு வீடு கேட்கிற மாதிரி குரைத்துவிட்டு உட்காரும்.

சாயங்காலம் டிரெசர் வீட்டுப் பின்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் மூவரும் கூடுவோம். யார் வீட்டு நாய்க்கு உண்ணி, யாருக்குப் பேதி, எந்தத் தெருவில் எந்த நாயை அடித்துத் தின்றுவிட்டார்களாம், இதுதான் பேச்சு. சண்டை எந்தத் திசையில் போகிறது, யார் ஜெயிக்கிறார்கள் என்று ஒருநாளும் பேசியதில்லை. அதெல்லாம் நாயில்லாதவர்களின் பொழுதுபோக்கு.

பிரச்சினை என் செவலையால் வந்தது.

நான் கடைக்குப் போகிற வழியில், முச்சந்தியில், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் காவல் நிற்பான். அவனைத் தாண்டுகிற யாரும் நின்று, கைகளை ஒட்டி வைத்து, இடுப்போடு வளைந்து கும்பிடு போட வேண்டும். சரியாக வளையாவிட்டால் அறை. எனக்கு அதில் கஷ்டமில்லை. சின்ன வயதிலிருந்தே யாரைப் பார்த்தாலும் பாதி வளைந்த மாதிரிதான் நிற்பேன். கஷ்டம் நாய்க்கு.

தெருவில் பிறந்த நாய்க்கு மனுஷன் குனிந்தால் ஒரே அர்த்தம்தான்: கல் எடுக்கிறான். என் பின்னாலேயே வந்த செவலை, நான் சிப்பாய்க்கு முன்னால் குனிந்ததைப் பார்த்தது. எசமான் கல்லை எடுக்கிறார், துப்பாக்கிக்காரன் மேல் எறியப்போகிறார் என்று முடிவு கட்டியது. பல்லைக் காட்டிக்கொண்டு எனக்குத் துணையாகச் சண்டைக்கு வந்துவிட்டது. என்னை அவ்வளவு பெரிய வீரன் என்று அதற்கு முன்னும் பின்னும் யாரும் நினைத்ததில்லை.

சிப்பாய் நாயைக் காட்டினான். பிறகு துப்பாக்கியைக் காட்டினான். பிறகு தன் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினான். மூன்றாம் வகுப்புப் படிப்பே அதற்குப் போதுமாக இருந்தது.

கட்டிப்போடலாமே என்பீர்கள். கட்டினேன். அது போட்ட ஓலத்தில், இந்த வீட்டில் யாரையோ வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அக்கம்பக்கம் பயந்தது. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தது. ஒருநாள் மனைவியே அவிழ்த்துவிட்டாள். இன்னொரு தடவை குரைத்தால் சுட்டுவிடுவான் என்ற நினைப்பில் எனக்கு அந்தக் கிழங்கும் இறங்கவில்லை.

மரத்தடியில் விஷயத்தைச் சொன்னேன்.

டிரெசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது பயத்துல வர்ற வியாதிப்பா. வளர்க்கிற ஆள் நிம்மதியா இருந்தா நாயும் நிம்மதியா இருக்கும்."

"அப்ப இந்த நாய்க்கு விமோசனமே இல்லீங்க" என்றாள் தண்ணீர் எடுத்துப் போய்க்கொண்டிருந்த என் மனைவி.

அக்கா வெற்றிலையைத் துப்பினார். "காசி மக்கான் லா, தம்பி." அவருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான், சாப்பாடு போடு. குனிகிறபோதெல்லாம் கையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கீழே போடு, குனிந்தால் கல் இல்லை, தீனி என்று அது புரிந்துகொள்ளும் என்று மலாயில் விளக்கினார். டிரெசர், தான் சொல்ல வந்ததும் அதுதான் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. நெத்திலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளி உள்ளங்கையில் ஒளித்துக்கொள்வோம். நான் அக்காவுக்கு முன்னால் வளைந்து கும்பிடுவேன்; ஒரு தலை விழும். அக்கா சாரோங்கைப் பிடித்துக்கொண்டு டிரெசருக்குக் கும்பிடுவார். ஒரு தலை விழும். டிரெசர் எனக்குக் கும்பிடுவார். ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் எனக்குக் கும்பிடு போட்ட காலமும் ஒன்று இருந்தது என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? "இன்னும் வளையணும்பா, முதுகு நேரா இருக்கணும்" என்று அவர் திருத்துவார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறவர்கள், எங்களுக்கு ஜப்பான் விசுவாசம் முற்றிப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் செவலை குரைத்துக்கொண்டே தின்றது. பிறகு உறுமிக்கொண்டே தின்றது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு, எப்போது குனிவார்கள் என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கருவாட்டின் தலைகள் தீர்ந்து உடம்பும் போக ஆரம்பித்தபோது, "வீட்டுல இருக்கிற மனுஷரும் வேணா குனிஞ்சு காட்டட்டுமா?" என்று மனைவி கேட்டாள். பாடம் முடிந்தது என்று அறிவித்தோம்.

சோதனை நாளன்று இரண்டு தடவை கொல்லைக்குப் போய்வந்தேன். முச்சந்தியில் எனக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. நான் வளைந்தேன். குரைப்புச் சத்தம் இல்லை. கடவுளே என்று கண்ணைத் திறந்து பார்த்தால், பக்கத்தில் நாயே இல்லை.

யார் குனிந்தாலும் தீனி என்றுதானே மூன்று பேரும் மாறிமாறிச் சொல்லிக் கொடுத்தோம்! அது வரிசையில் குனிந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. தங்களுக்குள் கும்பிட்டுக்கொள்ளும் மூன்று பேரிடம் பழகிய நாயை, ஊரே கும்பிடும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் கேட்டையும் முன்கூட்டியே யோசித்து வைக்கிற எனக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரியின் கார் வந்தது. காருக்குச் சிப்பாய் வளைந்தான். செவலை நேரே போய் அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் கையை அண்ணாந்து பார்த்தது. கார் போனது. சிப்பாய் நிமிர்ந்தான், நாயைப் பார்த்தான், சிரித்துவிட்டான். அப்போதுதான் அவன் எவ்வளவு சின்னப் பையன் என்று தெரிந்தது. பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து ஓர் உருண்டை சோற்றை எடுத்து அதற்குப் போட்டான். வெள்ளைச் சோறு. வரிசையில் நின்ற எல்லோர் தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

அதோடு என் நாய்க்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. விடிந்ததும் எனக்கு முன்னால் கிளம்பி முச்சந்திக்குப் போய்விடும். சிப்பாயின் காலடியில் உட்கார்ந்து ஊரார் போடும் கும்பிடையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நானும் தினம் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். என்னைத் தெரிந்த மாதிரி வாலை ஒரு தடவை ஆட்டும், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கிழங்கை மோந்து பார்த்துவிட்டு, இது என்ன என்கிற மாதிரி நிமிர்ந்து பார்க்கும்.

"சுடாம இருக்கானேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள் மனைவி.

சந்தோஷமா? ஒரு கவலை போய் நாலு கவலை வந்தது. பிரியம் முற்றி அவன் ஊருக்கே கொண்டுபோய்விட்டால்? கொழுத்ததும் அடித்துத் தின்றுவிட்டால்? சோறு தின்று பழகிய வயிறு பிறகு கிழங்கை ஏற்காவிட்டால்? இது நாயில்லை, வேவு பார்க்கிறது, இன்னார் வீட்டு ஆள் என்று ஊர் பேசினால்?

"டா ஜாடி நிப்பொன்" என்று அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். நாய் ஜப்பான்காரனாகிவிட்டது என்று அவருக்குத் துக்கம். டிரெசருக்கு வேறு துக்கம். மறுநாளே, துரை விட்டுப்போன தன் நாயைக் குளிப்பாட்டி, வாரிவிட்டு, முச்சந்தி வழியாக ஒரு நடை கூட்டிப்போய் வந்தார். சிப்பாய் திரும்பியே பார்க்கவில்லையாம்.

"தராதரம் தெரியாத பய" என்றார் டிரெசர்.

ஒரு காலையில் சிப்பாய் மாறியிருந்தான். நான் முச்சந்தியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். புதியவன் வயதானவன், முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. வரிசை முழுக்க வளைந்து நின்றது. செவலை நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு, பழக்கப்படி ஒவ்வொரு கையாக நக்கிக்கொண்டே வந்தது. கூடையோடு நின்ற ஒரு பெண்ணால் கையை இழுக்கவும் முடியவில்லை. தனக்குப் போடும் மரியாதையை ஒரு நாய் கேலி செய்கிறது என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். "கூரா!" என்று கத்திக்கொண்டு துப்பாக்கி முனையிலிருந்த கத்தியைத் தாழ்த்தினான்.

அதற்குக் கத்தியும் தெரியவில்லை, கத்தலும் புரியவில்லை. அவனைப் பார்த்து உட்கார்ந்தது.

வரிசையை விட்டு வெளியே போனேன். எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாய்க்கு எதிரே நின்று, விரல் ரோட்டில் படுகிற அளவுக்கு, டிரெசர் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார், அப்படி வளைந்தேன். கையில் ஒன்றும் இல்லை. செவலை எழுந்து என்னிடம் ஓடிவந்தது. வெறும் கையை மோந்து பார்த்தது. பிடரியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாகேரோ!" என்று திட்டிக்கொண்டே அறைந்தான். முதல் அறையில் காது கிண்ணென்றது. இரண்டாவதுக்குப் பிறகு அந்தக் காதில் சத்தமே இல்லை. பிடியை மட்டும் விடவில்லை. வெயிலில் முழங்கால் போடச் சொன்னான், போட்டேன். இவ்வளவுக்கும் அந்த நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. நான் குனிந்தேனே, எப்போது தீனி வரும் என்று என் மடியருகில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, அதுவும் சரிதான். உறுமியிருந்தால் அங்கேயே குத்தியிருப்பான். அவனுக்கே அலுத்துப்போன பிறகு, போ என்று காலால் காட்டினான்.

கடைக்குப் போகவில்லை. நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டிரெசர் வீட்டுக்குப் போனேன். அக்காவும் அங்கே இருந்தார். சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டிரெசர் ஓடிவந்து கையை நீட்டினார். நான் முகத்தைக் காட்டினேன். அவர் நாயை வாங்கிக்கொண்டார்.

பெஞ்சில் படுக்கவைத்து விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தடவினார். கண் இமையை விரித்துப் பார்த்தார். அக்கா அதன் நாலு காலையும் நீவிவிட்டு, "அடிச்சானா, குத்தினானா?" என்று மலாயில் என்னைக் கேட்டார்.

"என்னைத்தான் அடிச்சான் அக்கா."

"சுக்குர்லா" என்றார் அக்கா. நல்லவேளை என்று அர்த்தம். நிம்மதியில் அழுதேவிட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. நெஞ்சு நல்லா அடிக்குது" என்று டிரெசர் நாயை இறக்கிவிட்டார்.

"ஐயா, எனக்கு இந்தக் காது கேட்கலீங்க."

அவர் ஏதோ சொன்னார். கேட்காத காதுப் பக்கம் நின்று சொன்னதால் விளங்கவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. செவலை மேசைக்கடியில் கிடந்த ஒரு கிழங்குத் துண்டைக் கண்டுபிடித்து, எந்தக் குறையும் சொல்லாமல், தின்றுகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.