உடல் வருமுன் வெட்டிய குழி

1. குழி கேட்டு வந்தவர்

பிணம் கிடைப்பதற்கு முன்பே குழி கேட்டு வந்தவர் என் வேலைக்காலத்தில் ஒருவர்தான். பெயர் ஸ்டெல்லா. ஈஜிபுராவில் வாடகை வீடு, ஒரு அப்பார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அக்டோபர் மழையில் பெங்களூர் பாதி மிதந்த வாரம் அது. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் போகும் மழைநீர்க் கால்வாய் பொங்கிப் பின்சுவரின் ஒரு பகுதியைச் சாய்த்திருந்தது. பள்ளப் பக்கத்தில் சிலுவைகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புப் பாதியில் ஊரைவிட்டு ஓடியவன். ஓட்டலில் டம்ளர் கழுவினேன். போர்வெல் லாரியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றினேன். கிரானைட் ஷெட்டில் கல் நழுவி இரண்டு விரல் நசுங்கின. எந்த வேலையிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. இந்தக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நாள் மண் அள்ளக் கூலிக்கு வந்தேன். மறுநாளும் வரச் சொன்னார்கள். நீலசந்திராவில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். நான் கிறிஸ்தவன் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை. குழியின் பக்கச்சுவர் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா வந்தபோது நானும் மேஸ்திரி அந்தோணியும் சேற்றை வழித்துக்கொண்டிருந்தோம். முழங்கால்வரை சேறு, கையில் செருப்பு.

"அண்ணா, ஒரு குழி வெட்டி வைக்கணும்."

"யாருக்கும்மா?" என்றார் மேஸ்திரி.

"என் வீட்டுக்காரருக்கு. லூர்துன்னு பேரு. பெயிண்டர்."

"பாடி எங்க இருக்குது? ஆஸ்பத்திரியிலயா?"

"இன்னும் கிடைக்கல. கால்வாயில போயிட்டாரு. தேடிக்கினு இருக்காங்க."

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை மீதி இருக்கிறது என்று லூர்து கிளம்பியிருக்கிறார். தெருவும் கால்வாயும் ஒன்றாகியிருந்த இடத்தில், ரோடு என்று நினைத்துக் கால் வைத்திருக்கிறார். பார்த்தவர்கள் இருந்தார்கள். பிடிக்க முடியவில்லை.

"பாடி வரட்டும்மா. வந்த பிறகு வெட்டினாப் போதும். தொறந்த குழி சும்மா கிடக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி.

இது எங்கள் வேலையில் உள்ள நம்பிக்கை. வெறும் குழி ஒரு இரவு திறந்து கிடந்தால் இன்னொருவரைக் கூப்பிடும் என்பார்கள். அதனால் அடக்கத்தன்று காலையில்தான் வெட்டுவோம்.

"நீங்க வெட்டி வையுங்கண்ணா. இடம் தயாரா இருந்தா ஆண்டவர் குடுத்துத்தானே ஆகணும்?"

"ஆண்டவருக்கே அட்வான்ஸ் குடுத்து மடக்கப் பாக்கறியா நீ?"

மேஸ்திரி கிண்டலாகத்தான் சொன்னார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துகொண்டார்.

2. அண்ணன் சொன்ன காரணம்

கொஞ்ச நேரத்தில் அவருடைய அண்ணன் சகாயம் தேடிக்கொண்டு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். பூசைக்குப் போவதை விட்டுவிட்டு ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தவர் என்று பிறகு தெரிந்தது.

"வீட்ல எல்லாரும் உன்னைத் தேடறாங்க. இங்க வந்து சும்மனே குந்திக்கினு இருக்கற."

"குழி வெட்டாம வர மாட்டேன்."

"பாடியே இல்ல, குழி என்னாத்துக்கு? ஸ்டெல்லா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகாம சம்பாதிக்கப் போனான். ஆண்டவர் தண்ணிய அனுப்பிட்டார். அடக்கம்கூட இல்லாமப் பண்ணிட்டார். இதுல நாம கத்துக்கணும்."

"நான் பூசைக்குப் போனேனே, அண்ணா. நான் கோயில்ல இருந்தப்போதான் என் வீட்டுக்குள்ள தண்ணி வந்து அரிசி மூட்டை நனைஞ்சுது. எனக்கு எதுக்கு அனுப்பினாராம்?"

சகாயம் கோபத்தில் கேட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். தங்கையை விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டெல்லா அழுதார். சத்தம் இல்லாமல். "எங்கண்ணன் சொல்றது நெசமா இருந்தா, கோவத்துல கொன்ன ஆண்டவர் கடைசி நாள்ல இவர எப்படி எழுப்புவாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆள் தெரியாமல் என்னிடம் கேட்டுவிட்டார். எனக்கு என்ன தெரியும்?

நான் கடப்பாரையை எடுத்தேன். போர்வெல் லாரியில் இருந்தபோது, கீழே தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு யாரும் துளை போட்டதில்லை. இருக்கும் என்று சொல்லித்தான் போடுவார்கள். வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு அவ்வளவுதான் காரணம்.

மேஸ்திரி திட்டினார். திட்டிக்கொண்டே மேட்டுப் பக்கத்தில் தண்ணீர் ஏறாத ஒரு இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார். "தலை மேற்கால. மறந்துடாத."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன். எங்கள் தோட்டத்தில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் வைப்போம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது ஏசு கிழக்கிலிருந்து வருவார், படுத்திருப்பவர்கள் எழுந்து நின்றால் அவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்பது இவர்கள் விசுவாசம். முதலில் கேட்டபோது அதை ஒரு அளவு என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். குழியின் ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, தலை எந்தப் பக்கம் என்று.

வெட்டி முடித்ததும் மேஸ்திரி மண்வெட்டியையும் கடப்பாரையையும் குழியின் மேல் குறுக்காக வைத்தார். அப்படி வைத்தால் குழி யாரையும் கூப்பிடாதாம்.

3. ஃபாதருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

மறுநாள் கோயில் ஃபாதர் வந்தார். பேண்டை மடித்துவிட்டுச் சேற்றில் நடந்து வந்தவர், திறந்த குழியையும் அதன் ஓரத்தில் இருந்த ஸ்டெல்லாவையும் பார்த்து நின்றார். நான் குழிக்குள் இறங்கி இரவு மழைத் தண்ணீரை வாளியில் இறைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது.

"உடம்பு கிடைக்கலன்னா எந்திரிப்பாரா, ஃபாதர்?"

"எந்திரிப்பாரும்மா. கடல்ல போனவங்க இருக்காங்க, நெருப்புல போனவங்க இருக்காங்க. மண்ணுல இருந்து மனுஷனை உண்டாக்கினவருக்கு அந்த மண்ணு எங்க கிடக்குதுன்னு தெரியாதா? தேடறது நம்ம வேலை. எழுப்பறது அவர் வேலை."

"இந்தத் தண்ணிய அவர்தான் அனுப்பினாரா?"

நான் வாளியை நிறுத்திவிட்டேன்.

"மழை அவருடையதுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கால்வாயைக் குறுக்கி வீடு கட்டினது மனுஷங்க. அதுக்கு மேல, அன்னிக்கு ஏன் லூர்தைப் புடிச்சு நிறுத்தலன்னு கேட்டா, எனக்குத் தெரியாதும்மா. ராத்திரி நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எங்கண்ணன் தண்டனைன்னு சொல்லுது."

"பைபிள்ல வருதே, ஒரு கோபுரம் இடிஞ்சு விழுந்து நிறையப் பேர் செத்தாங்க. செத்தவங்க மத்தவங்கள விடப் பெரிய பாவிகளான்னு பேச்சு வந்தப்போ, ஏசுவே இல்லன்னுட்டார். அவர் சொல்லாததை உங்கண்ணன் சொல்ல வேணாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஏசுவை அடக்கம் பண்ணின கல்லறைக்கும் மொதல்ல போனது பொம்பளைங்கதான். விடியக்காலையில, உடம்புக்குப் பூச வாசனைத் தைலம் எடுத்துக்கிட்டுப் போனாங்க."

ஸ்டெல்லா குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கும் உடம்பு கிடைக்கலல்ல, ஃபாதர்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் குழிக்குள் நின்றபடி நாலு பக்க மண்சுவரையும் பார்த்தேன். எத்தனையோ வெட்டியிருக்கிறேன். அன்றுதான் முதல் முறையாக, நான் நிற்கும் இடத்திலிருந்து ஒரு ஆள் எழுந்து வெளியே வருவான் என்று நிஜமாகவே நம்பி ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. வாளியை மேலே கொடுக்கக் கை வரவில்லை.

4. திருப்புங்க

தண்ணீர் வடிந்த பிறகு, கால்வாய்ப் பாலத்தின் அடியில் அடைத்திருந்த குப்பையோடு லூர்து கிடைத்தார். நகக்கண்ணில் காய்ந்திருந்த மஞ்சள் பெயிண்டைப் பார்த்து ஸ்டெல்லா அடையாளம் சொன்னாராம். உடல் கெட்டிருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். இரண்டு முனையும் ஒரே அகலமாக இருந்த சாதாரணப் பெட்டி. அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மெயின் கேட் பக்கப் பள்ளம் இன்னும் சேறாக இருந்ததால், கால்வாய்க் கரையோடு போய்ப் பின்சுவர் சாய்ந்திருந்த இடைவெளி வழியாகப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஃபாதர் ஜெபம் சொன்னார். கயிறு போட்டோம். நானும் மேஸ்திரியும் தெருக்காரர்கள் நாலு பேரும் இறக்க ஆரம்பித்தோம். வழக்கமாக மேற்கே இருக்கும் மெயின் கேட்டிலிருந்து கால் முன்னால் வரும். நேராக வந்து இறக்கினால் திசை தானாகச் சரியாக இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே இறக்கினோம். பின்பக்கமாக வந்திருக்கிறோம் என்பது மேஸ்திரிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பெட்டி பாதி ஆழம் போயிருக்கும்.

"நிறுத்துங்க. மேற்கு எந்தப் பக்கம்ணா?"

நான் ஸ்டெல்லாவுக்குத் தலையால் காட்டினேன்.

"தலை அங்க இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து தலைமாட்டுலதான் கை வெச்சுக்கினு வந்தேன். தலை இந்தப் பக்கம் இருக்குது. திருப்புங்க."

மழை தூற ஆரம்பித்திருந்தது. குழியின் விளிம்பு கரைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மூக்கில் கர்ச்சீப்போடு நின்ற சகாயம் சொன்னார்: "எறக்கிடுங்கப்பா. இந்த நிலைமையில எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"எந்திரிச்சு ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கினு நிப்பாரா?" என்றார் ஸ்டெல்லா. அதட்டவில்லை. வீட்டில் பீரோவை எங்கே வைப்பது என்று சொல்லும் குரல்தான். "இழுங்கண்ணா. திருப்புங்க."

நாங்கள் இழுத்தோம். ஈரத்தில் பெட்டி கல்லாகக் கனத்தது. மேலே கொண்டுவந்து, பக்கத்துக் கல்லறைகளை மிதிக்காமல் அரைவட்டம் சுற்றித் திருப்ப வேண்டும். சுற்றும்போது தெருக்காரர் ஒருவர் கால் வழுக்கி முட்டி போட்டுவிட்டார். பெட்டி குழிப்பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி கத்தினார், "விட்றாத, விட்றாத." சாய்ந்த முனையின் கீழே இரண்டு கை வந்தது. சகாயம். கர்ச்சீப் சேற்றில் கிடந்தது. முகத்தைப் பெட்டியோடு அழுத்திக்கொண்டு தாங்கினார். ஃபாதர் புத்தகத்தை ஸ்டெல்லா கையில் கொடுத்துவிட்டு வந்து இன்னொரு முனையைப் பிடித்தார். எல்லாருமாகச் சுற்றினோம்.

இரண்டாவது முறை இறக்கும்போது சகாயம் கயிற்றை விடவில்லை. பெட்டி தரையைத் தொட்டதும் தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப சரியா இருக்காம்மா?"

ஸ்டெல்லா கிழக்கே பார்த்தார். அங்கே சாய்ந்த சுவரும் அதற்கு அப்பால் யார் வீட்டு மாடியிலோ நனையும் துணியும்தான் இருந்தன. எனக்குத் தெரியாத எதையோ அளந்து பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரியா இருக்குது" என்றார். முதல் பிடி மண்ணைப் போட்டார்.

மழையை யார் அனுப்பினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஃபாதருக்கே தெரியவில்லை. ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளச் சிலர் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. எந்தக் கோயிலிலும் நிலையாக நிற்கும் ஆள் நான் இல்லை. ஆனால் குழி வெட்டும் விதம் மாறிவிட்டது. மூடப்போவதுதானே என்று முன்பு பக்கச்சுவரை நேராக வெட்டினாலும் கரடுமுரடாக விட்டுவிடுவேன். இப்போது இழைத்துவிடுகிறேன். கால்பக்கம் ஒட்டினாற்போல் அடுத்த குழிக்குக் கோடு போடுவதில்லை.

மேஸ்திரி இன்னும் திட்டுகிறார். "இந்த ஊர்ல செத்தவன் படுக்கறதுக்கே இடம் இல்ல. நீ அவன் நிக்கறதுக்கு இடம் விட்டுக்கினு இருக்கற."

நான் இரண்டு பாதம் ஊன்றும் அளவு தள்ளித்தான் கடப்பாரையை வைக்கிறேன்.